வாக்குரிமையும் விசுவாசமும் – ஒரு வரலாற்று நோக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம் மக்களுள் கோயிலுக்குச் செல்வோரும் உளர்; தேவாலயத்துக்குச் செல்வோரும் உளர். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு வழியிலும் தம்பி வேறு வழியிலும் வணங்குதல் நாம் அறிந்ததே. தேர்தல் நெருங்குந்தோறும் தேவாலயம் செல்லும் இளைஞர் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. விசுவாசி அரசியலில் ஈடுபடலாமா? ஈடுபடின், எதனை அளவுகோலாகக் கொண்டு வாக்களிப்பது? இதற்கு விடை காண, நம் மக்கள் கடந்து வந்த பாதையை முதற்கண் நோக்குவோம்.

நம் ஊர்கள் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் முன்னோர்க்கு உழைப்பு இருந்தது, நிலம் இல்லை. குடியிருந்த மனையும் பலர்க்குச் சொந்தமன்று. திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வில்லியம் கௌடி, செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ ஆகிய மிஷனரிகள் இந்நிலையை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றனர். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையும், 1892-இல் பிறந்த அரசாணையும் பஞ்சமி நிலங்களுக்கு வழிகோலின. அன்று நம்மவர்க்கு வாக்குரிமை இல்லை. மனுவே அவர்தம் ஆயுதம். ஏழைக்கு நிலம் கேட்பது திருப்பணிக்குப் புறம்பானது என்று அம்மிஷனரிகள் கருதினாரல்லர்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இந்தியக் கிறித்தவர்க்கு 5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு இருந்தமையால், சேரிக் கிறித்தவர் பெற்ற பயன் சிறிதே. ஒடுக்கப்பட்டோர் சார்பில் எம்.சி. ராஜா நியமன உறுப்பினராகவே அவைக்குச் சென்றார். பின்னர் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் வாதாடினர். 1932-இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தின் வழியே ஒதுக்கப்பட்ட தொகுதிகள் வந்தன. ஆனால் 1936-இல் வந்த ஆணையோ, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று விதித்தது.

நாடு விடுதலை பெற்றபின், அரசியல் நிர்ணய சபையில் எச்.சி. முகர்ஜி, சென்னை லயோலா கல்லூரியைச் சார்ந்த ஜெரோம் டிசோசா அடிகளார் முதலிய கிறித்தவ உறுப்பினர்கள், சமய அடிப்படையிலான ஒதுக்கீடு வேண்டா என்னும் 1949ஆம் ஆண்டு முடிவுக்குத் துணை நின்றனர். நாட்டு மக்கள்பால் வைத்த நம்பிக்கையின் விளைவு அது. மறு ஆண்டே வந்த பட்டியல் சாதியினர் ஆணை, இந்து சமயத்தினர்க்கே அத்தகுதியை வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரு கதவைக் கிறித்தவத் தலைவர்கள் தாமே சாத்தினர். மற்றொன்றைச் சட்டம் அடைத்தது. இரண்டுக்கும் வெளியே நின்றவன் சேரிக் கிறித்தவன்.

இதன் விளைவைத் தமிழர் திரண்டு வாழும் கோலார் தங்கவயலில் காணலாம். அங்குள்ள தனித்தொகுதியில் 1967-இல் வென்ற எஸ். ராஜகோபாலின் வெற்றி, அவர் 1949-இல் கிறித்தவரானவர் என்னும் காரணத்தால் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 1972-இல் அவர் மீண்டும் வென்றார். அவர் இந்து சமயத்துக்குத் திரும்பியதையும், ஆதிதிராவிட மக்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றதையும் கொண்டு, உச்சநீதிமன்றம் அவ்வெற்றியை நிலைநிறுத்தியது. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பார், கிறித்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்ட அரசு உதவியைக் கேட்டு வழக்காடி, 1985-இல் தோற்றார்.

2008ஆம் ஆண்டு மறுவரையறையில் நம் பூந்தமல்லி தனித்தொகுதியாயிற்று. பூந்தமல்லியும் ஆவடியும் அடங்கிய திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. 1950ஆம் ஆண்டு ஆணையின்படி இவற்றில் நம் கிறித்தவ இளைஞன் வாக்களிக்கலாம். வேட்பாளனாக நிற்றல் இயலாது. இதனால் மனம் கசந்து வாக்குச்சாவடிக்கே செல்லாதோர் உளர். அவர்தம் கசப்பை நாம் அறிவோம். அம்முடிவை ஏற்க இயலவில்லை. நிற்கும் உரிமை இழந்தவன், நிற்பவனைக் கேள்வி கேட்கும் உரிமையையும் கைவிடலாமா?

எனவே இளைஞர்க்கு நாம் கூற விழைவன சில. முதலாவது, வேட்பாளரின் சமயம் அளவுகோலாகாது. சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்டல் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. 2017-இல் உச்சநீதிமன்றம் அதனை மேலும் வலியுறுத்தியது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் உள்ள நாட்டில், கிறித்தவப் பெயர் ஒன்றே நீதிக்குச் சான்றாகிவிடாது.

இரண்டாவது, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவிற்கொள்க. ஏழையின் நிலத்தை ஆகாப் மன்னன் கவர்ந்தபொழுது, எலியா ஜெபித்துக்கொண்டு வாளாவிருந்தாரல்லர். மன்னன் முன் சென்று கேட்டார். பஞ்சமி நிலம், மனைப்பட்டா, சுடுகாட்டுப் பாதை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் வேட்பாளர் செய்தது என்ன என்று வினவுதல் அத்தகையதே.

மூன்றாவது, வாக்கை விற்றலாகாது. முப்பது வெள்ளிக்காசின் கதையை ஞாயிறுதோறும் கேட்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவது, வாக்களித்தவுடன் கடமை முடிந்துவிடாது. பூந்தமல்லியைச் சூழ்ந்த ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று. எங்கும் வார்டு உறுப்பினர் உண்டு. மனு எழுதத் தெரிந்த இளைஞன் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும்.

கிறித்தவ ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டுமென 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. கேட்டுக்கொண்டே இருந்தமையால் விளைந்தவை இவை. கோயிலுக்குச் செல்லும் அண்ணன் இக்கோரிக்கையைத் தம்பியின் வழக்கென ஒதுக்கலாகாது. தனக்குரிய பங்கு குறையுமோ என்று அவன் அஞ்சினால், ஒதுக்கீட்டின் அளவையும் உயர்த்துமாறு இருவரும் சேர்ந்து கேட்பதே முறை.

18 அகவை நிறைந்த நம் சங்க மாணவர் ஒவ்வொருவரும் படிவம் 6 நிரப்பி, வாக்காளர் பட்டியலில் தம் பெயர் உள்ளதா என்று சரிபார்ப்பாராக. வெள்ளி விழா ஆண்டில் நாம் அவர்களிடம் வேண்டுவது இதுவே.