எண் அழிந்த ஸ்பானர்: அடையாளம் காண்பதன் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு பழைய கருவியை ‘இது இன்னது’ என்று சொல்வது எளிய காரியமாகத்தான் தோன்றுகிறது. எந்தச் சாட்சியத்தை வைத்துச் சொல்கிறோம், எதைச் சாட்சியமாகவே கருத மறுக்கிறோம் என்ற கேள்வி எழுந்த உடனே அது வரலாற்றெழுத்து பற்றிய பிரச்சினையாகிவிடுகிறது. இக்கட்டுரை அந்த வகையில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது.

புதுப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரி இறந்துபோனபின், அவருடைய மரப்பெட்டி என்னிடம் வந்தது. மோட்டார் தொழிலின் சமூக வரலாறு பற்றி நான் எழுதிக்கொண்டிருப்பது அவர் வீட்டாருக்குத் தெரியும். “நாங்க வெச்சு என்ன பண்ணப் போறோம், நீங்களே எடுத்துக்கங்க” என்று கொடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் பழைய இங்கிலீஷ் கார்களைப் பிரித்துப் பூட்டிய கை அவருடையது. பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நான் வகைப்படுத்த உட்கார்ந்தேன். படித்தவன் செய்வதைத்தான் செய்தேன். எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ‘18ஜி’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது 1952இல் ஆஸ்டினும் நஃபீல்டும் இணைந்து உருவான பி.எம்.சி. குழுமத்தின் சர்வீஸ் கருவி. ‘எஸ் 4221’ என்று இருந்தால் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் வண்டிகளுக்காகச் சர்ச்சில் கம்பெனி செய்த கைப்பிரஸ். பேரிங்குகளை அழுத்தவும் இழுக்கவும் ஆனது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையிலேயே தயாரான வண்டி என்பதால் இப்படியொரு கருவி இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. இவை ஒரு பக்கம். எழுத்தே இல்லாதவை, வளைந்தவை, லாரிப் பட்டையை அடித்துச் செய்தவை இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். பேரீச்சம்பழம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தி, எழுத்து என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1841இல் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரு பொது ஒழுங்கை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. அந்த முறையில் ஸ்பானர்மேல் பொறிக்கப்படும் எண், ஸ்பானரின் வாயளவைக் குறிப்பதில்லை. போல்ட்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கிறது. 1/4 என்று பொறித்த ஸ்பானரின் வாயை அளந்தால் கால் இஞ்சு வராது, 0.525 இஞ்சு வரும். அதாவது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதன் பெயரை வெளியே இருப்பது சுமக்கிறது. 1908இல் நெருக்கமான மரையுள்ள பி.எஸ்.எஃப். வந்தபோது அதன் தலைகள் ஒரு படி சிறிதாக இருந்தன. ஆகவே அதே வாய் அங்கே 5/16 ஆனது. இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சம் பிடிக்க விட்வொர்த் தலைகளையும் ஒரு படி குறைத்தார்கள். பழைய ஸ்பானர்களில் ஒரே முனையில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம் இந்தக் குழப்பம். 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டபின் பரவிய ‘ஏ.எஃப்.’ ஸ்பானர்களில்தான் எண் வாயளவைக் குறித்தது. குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் உள்ள உறவு இயற்கையானதல்ல என்பதைக் கற்க சசூரிடம் போக வேண்டியதில்லை, பட்டறைக்குப் போனால் போதும்.

இதைவிடச் சுவாரசியமானது மாரிஸ் எஞ்சினின் கதை. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிரான்சின் ஹாட்ச்கிஸ் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஓர் ஆயுதத் தொழிற்சாலை வைத்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலையில்லை. மாரிஸுக்கோ அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த கான்டினென்டல் எஞ்சின் நின்றுபோயிருந்தது. அதே வடிவில் எஞ்சின் செய்துதர ஹாட்ச்கிஸ் ஒப்புக்கொண்டது. ஆனால் அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு அளவுக்கானவை. மெட்ரிக் மரைதான் வெட்டும். இங்கிலீஷ் மெக்கானிக்கின் கையிலோ விட்வொர்த் ஸ்பானர். தீர்வு வேடிக்கையானது: மரை மெட்ரிக், தலை விட்வொர்த். 1923இல் மாரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கியபிறகும் இந்தக் கலப்பு தொடர்ந்தது, எம்.ஜி. ‘டி’ வரிசை வண்டிகள் 1955இல் நிற்கும்வரை இருந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் ‘ஹிந்துஸ்தான் 10’ என்று பூட்டி விற்றதும் மாரிஸ் டென் வண்டியைத்தான். ஆக, ‘சுதேசி’ என்று பெயரிடப்பட்ட கார் அமெரிக்க வடிவில் தொடங்கி, பிரெஞ்சு மரையும் இங்கிலீஷ் தலையுமாக வந்த ஒரு பரம்பரையின் எஞ்சினோடு ஓடியது. தூய்மை பேசுகிறவர்கள் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம்.

இந்தப் போல்ட்டு நம் பட்டறையில் என்ன செய்தது? அதில் அதிகம் வருவது 8 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இன்று கடையில் 8 மி.மீ. போல்ட்டு என்று கேட்டால் 1.25 மரையில் கொடுப்பார்கள். இரண்டு சுற்றில் இறுகிக்கொள்ளும். தலையோ 0.525 இஞ்சு, அதாவது 13.3 மி.மீ. 13 ஸ்பானர் நுழையாது. 14 போட்டால் வழுக்கித் தலையின் முனைகளை மழுக்கிவிடும். அரை இஞ்சு ஏ.எஃப். நுழையாது, 9/16 ஆடும். இந்தியா 1958இல் மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியபின் விட்வொர்த் ஸ்பானர் படிப்படியாக அரிதானது. வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

மேஸ்திரியிடம் சிறுவயதிலிருந்து எடுபிடியாக இருந்து பின் தனிப் பட்டறை வைத்தவர் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். நான் ‘பழுதானவை’ என்று ஒதுக்கியிருந்த டப்பாவில் கைவிட்டு ஒரு ஸ்பானரை எடுத்தார். வாய் அகன்று, எண் பாதி அழிந்து கிடந்தது.

“இத ஏன் சார் இங்க போட்டீங்க?”

“தேஞ்சுபோனதுதானே?”

“தேயல சார். அரம் போட்டது. பதிமூணுல வாயத் தொறந்து மாரிஸுக்குப் பண்ணாரு. எண்ணையும் அவரே அழிச்சாரு, பசங்க பதிமூணுன்னு எடுத்துறக் கூடாதுன்னு. இதுமாதிரி இன்னும் ஏழெட்டு இருந்துச்சே?”

அந்த ஏழெட்டு இரும்புக்கடை வழியாக உலைக்குப் போயிருந்தன. வெர்னியர் வைத்து அளந்தேன். 13.3. இரண்டு தாடையிலும் இணையான அரக்கோடுகள். தேய்மானம் வளைவாக, முனைப் பக்கம் அதிகமாக இருக்கும். அரம் சமமாக ராவும். கண்ணெதிரே இருந்த இந்த வித்தியாசத்தை எழுத்தைத் தேடிய நான் பார்க்கவில்லை. எழுத்து அழிக்கப்பட்டது என்பதே ஒரு எழுத்து என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை வைத்து ‘மக்கள் அறிவு’ பற்றிய ஒரு புனிதக் கதையைக் கட்டிவிடலாம். அதில் எனக்கு உடன்பாடில்லை. மேஸ்திரி அரம் எடுத்தது படைப்பூக்கத்தால் மட்டுமல்ல, சரியான கருவி வாங்க வழியில்லாததால். 1950களின் நடுவிலிருந்து கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட நாட்டில் கம்பெனிக் கருவி பெரிய டீலரின் சர்வீஸ் கூடத்தில் இருக்கும். தெருப் பட்டறைக்கு வராது. எண்ணை அழித்ததிலும் ஒரு அதிகாரம் இருக்கிறது. எந்த ஸ்பானர் எதற்கென்று மேஸ்திரி சொன்னால்தான் பையனுக்குத் தெரியும். அவன் அதைக் கற்று முடிக்க எத்தனை வருஷம், எத்தனை அடி! வந்தவரைக் கேட்டேன். “அடி இல்லாம எந்த வேல சார் வந்துச்சு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பழைய கார்களைச் சேகரிப்பவர்கள் முத்திரையுள்ள கருவிக்கு நல்ல விலை தருகிறார்கள். முத்திரை இல்லாதது எடைக்குப் போகிறது. என் ஆய்வும் அதே சந்தையின் கண்ணோடுதான் வேலை செய்திருக்கிறது என்பதே இதில் என்னை உறுத்துவது. கவென்ட்ரியில் செய்த கருவிக்கு அட்டவணை உண்டு, புதுப்பேட்டையில் திருத்திய கருவிக்கு இல்லை. இல்லாத இடத்தை ‘பழுது’ என்ற சொல்லால் நிரப்பியவன் நான்.

பட்டியலைத் திரும்ப எழுதுகிறேன். எண், கம்பெனி, வண்டி என்ற மூன்று பத்திகளோடு ‘திருத்தம்’ என்று நான்காவது ஒன்று சேர்த்திருக்கிறேன். வந்தவர் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் வாங்கிச் சொல்கிறார். மிஞ்சியிருக்கும் அந்த ஸ்பானருக்கு நேரே இப்படி இருக்கிறது: எண் 13, அழிக்கப்பட்டது, வாய் 13.3, மாரிஸ் எஞ்சினுக்கு, அரம். அதன்கீழ் ஏழு வரிகளைக் காலியாக விட்டிருக்கிறேன்.