கொக்கரே பெள்ளூர்: புளியமரமும் கூழைக்கடாவும்

பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தின் மத்தூர் வட்டத்தில், சிம்ஷா ஆற்றை அடுத்து அமைந்துள்ள கொக்கரே பெள்ளூர், கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் மக்கள் குடியிருப்புக்கு நடுவிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் அரிய ஊர்களுள் ஒன்றாகும். 'கொக்கரே' என்பது நாரையைக் குறிக்கும் கன்னடச் சொல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய்க்கு அஞ்சி மக்கள் ஆற்றங்கரையிலிருந்த பழைய ஊரைவிட்டு இன்றைய இடத்தில் குடியேறியபோது பறவைகளும் உடன்வந்தன என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர்.

வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் தங்குகின்றன. இங்கோ அவை தங்குவது கொல்லைப்புறத்துப் புளியமரங்களிலும் ஆல், அரச மரங்களிலும் ஆகும். பனிக்காலத்தில் வந்து கோடையில் திரும்பும் இப்பறவைகளை, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள்களாகவே இவ்வூரார் கருதுகின்றனர். அந்த மகளை வரவேற்கும் வீடு செலவையும் ஏற்கிறது. கூடு நிறைந்த மரத்தில் புளி உலுக்க இயலாது என்பதால் விளைச்சல் குறைகிறது. அதற்கு ஈடாக மரத்தடியில் குழி வெட்டி, விழும் எச்சத்தை வண்டலுடன் கலந்து வயலுக்கு உரமாக இடும் வழக்கம் உருவானது.

1976இல் வன அதிகாரி எஸ். ஜி. நேகின்ஹால் இவ்வூரின் சிறப்பை வெளியுலகுக்கு உணர்த்தினார். புளி இழப்புக்கு வனத்துறை ஈடு வழங்கும் முறையும் அதன்பின் ஏற்பட்டது. 1990களில் மைசூரு இயற்கை ஆர்வலர்களின் துணையோடு ஊர் இளைஞர்கள் 'ஹெஜ்ஜார்லே பளக' (கூழைக்கடா நண்பர் குழு) என்னும் அமைப்பைத் தொடங்கி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தனர். 2007இல் ஊர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; நிலத்தின் உரிமை மக்களிடமே இருக்க, பாதுகாப்பில் அவர்களுக்கும் பங்கு அளிக்கும் ஏற்பாடு இது.

பெங்களூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணிகள் பெருகியது இந்தப் பாதுகாப்பு முயற்சிகளுக்குப் பின்னரே. ஆகவே இங்குச் சுற்றுலா நிலைபெற வேண்டுமெனில், அதன் வருவாயில் முதற்பங்கு மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சேர வேண்டும். அடுத்த பங்கு புதிய மரங்களை நடுவதற்கும், பறவைகளுக்கு மீன் தரும் ஆற்றையும் ஏரிகளையும் காப்பதற்கும் செல்ல வேண்டும். விடுதிகளும் பறவை காணும் கோபுரங்களும் பிறகு வரலாம். புளியமரம் போய்விட்டால் கூழைக்கடா திரும்பி வர இடமிராது.