அகமதாபாத் குருவியும் நம் வீட்டு வலைக்கூண்டும்

கோழிக்கோட்டின் பெயரால் காலிக்கோ என்று ஒரு துணி உண்டு. நம் சென்னையின் பெயரால் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி உண்டு. அகமதாபாத்தின் பெயர் மட்டும் ஒரு குருவிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதை 'அவடாவாட்' என்பார்கள். அகமதாபாத் என்ற சொல் வெள்ளைக்காரர் வாயில் தேய்ந்து அப்படி ஆயிற்று.

அந்தக் குருவி நமக்கு அந்நியம் இல்லை. சிவப்புச் சில்லை என்பது அதுதான். தினைக்குருவி இனத்தைச் சேர்ந்தது, சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஏரிக்கரைக் கோரையிலும் உயரமான புல்லிலும் கூட்டமாகத் திரியும். இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆண் குருவி குங்குமம் பூசியதுபோல் சிவந்துவிடும். அந்தச் சிவப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள். காலம் முடிந்தால் மறுபடி பழுப்பு நிறம். அந்தச் சிவப்புதான் அதற்கு வினையாகவும் முடிந்தது.

1670களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃப்ரையர், அகமதாபாத்திலிருந்து வரும் இந்தக் குருவிகளைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். ஒரே கூண்டில் ஐம்பது குருவிகளை அடைத்து விற்றார்களாம். 1758-ல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோதும், ஊர்ப் பெயரை விடாமல் 'அமண்டாவா' என்றே வைத்தார். எத்தனையோ இந்தியப் பறவைகள் இருக்க இது மட்டும் ஏன் கப்பல் ஏறியது? காரணம் எளிது. பூச்சி தின்னும் பறவையும் பழம் தின்னும் பறவையும் மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாங்காது. சில்லைக்கு ஒரு மூட்டைத் தானியமும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். இதே குருவிக்குப் பிரெஞ்சில் 'பெங்காலி ரூழ்' என்று பெயர், அதாவது சிவப்பு வங்காளி! குஜராத் ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் வங்காளத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெப்ப நாட்டுப் பாடும் பறவைகளைப் பற்றி 1805-ல் அழகிய படங்களுடன் நூல் வெளியிட்டவர் வியெயோ என்ற பிரெஞ்சுக்காரர். செத்த பறவைகளின் தோலை மட்டும் பார்த்து எழுதாமல், உயிருள்ள பறவைகளைக் கவனித்து எழுதியவர்களில் அவர் முன்னோடி. இன்று நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் ஜீப்ரா ஃபின்ச்சுக்கு 1817-ல் அறிவியல் பெயர் கொடுத்தவரும் அவரே. அது ஆஸ்திரேலியக் குருவி. பிரெஞ்சில் அதன் பெயரோ 'தியமான் மாந்தாரேன்', சீன மாந்தரின் வைரம் என்பதுபோல. சீனாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடைக்காரர்கள் 'பெங்காலி ஃபின்ச்' என்று விற்பது இன்னொன்று. அதுவும் வங்காளத்துப் பறவை இல்லை. வெண்முதுகுச் சில்லை என்று நம் நாட்டிலும் ஒரு வகை உண்டல்லவா, அதன் சீன உறவினரை 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோய், தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து உருவாக்கிய வகை. காட்டில் தேடினால் கிடைக்காது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். 'பெயர்' என்ற கட்டத்துக்கு அடுத்து 'சொந்த ஊர்' என்ற கட்டம் ஏன் இருக்கிறது என்று இந்தக் குருவிகளின் கதையைப் படித்தபோது நன்றாகவே விளங்கியது.

கப்பலேறிய சில்லை கூண்டோடு நிற்கவில்லை. தப்பியும், திறந்து விடப்பட்டும், ரியூனியன் தீவிலும் ஃபிஜியிலும் ஹவாயிலும் ஸ்பெயினிலும் குடியேறிவிட்டது. வேண்டுமென்றே கொண்டுபோன கதையும் உண்டு. 1762-ல் மொரீஷியசில் வெட்டுக்கிளியை ஒழிக்க இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோனார்கள். வெட்டுக்கிளியைத் தின்னப் போன மைனா, பிறகு எத்தனையோ தீவுகளில் உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. எதிர்த் திசையிலும் நடந்தது. ஜாவா குருவி என்ற பெரிய அலகுக்காரர் கூண்டிலிருந்து தப்பிச் சென்னைச் சுற்றுப்புறத்தில் வாழ்ந்ததாகப் பழைய பறவை நூல்களில் குறிப்பு உண்டு. அதே ஜாவா குருவி இன்று தன் சொந்த ஜாவாவிலேயே அருகிவிட்டது. கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே குறைந்துபோனது.

இந்த வியாபாரத்துக்கு நம் நாட்டில் முடிவு கட்டியது சட்டம். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் அடியோடு தடை ஆயிற்று. ஆனாலும் சில்லை விற்பனை நிற்கவில்லை. பழுப்பு நிறச் சில்லைக்குப் பச்சையும் சிவப்பும் சாயம் பூசி 'வெளிநாட்டுக் குருவி' என்று விற்பார்கள். முதல் குளியலிலேயே சாயம் கரையும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீட்டு மனைகள் பெருகிவிட்டன. 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது முதல் வேலைக்கு வந்த பிள்ளைகள் பலர் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். மாடியிலும் தோட்டத்திலும் வலைக்கூண்டு அமைத்துக் குருவி வளர்ப்பது இப்போது பரவியிருக்கிறது. நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்லமாட்டேன். ஜீப்ரா ஃபின்ச் நாலு ஜோடி வாங்கியவருக்கு ஆறே மாதத்தில் வேறு வகையும் சேர்க்க ஆசை வரும். அப்போதுதான் யாராவது சாக்குத் துணி மூடிய கூண்டோடு வந்து நிற்பார். "சார், பத்து ஜோடி சிவப்புக் குருவி, மலிவு" என்பார். வாங்கினால் குற்றம் விற்றவரோடு முடிவதில்லை, வைத்திருப்பவர் தலையிலும் விழும். ஜாவா குருவி போன்ற சில அயல்நாட்டு வகைகளுக்கும் இப்போது அரசிடம் பதிவு தேவை. ஆகவே புதிய வகை சேர்க்குமுன் முதல் கேள்வி, இதன் சொந்த ஊர் எது, பிறந்தது கூண்டிலா காட்டிலா என்பதே.

அந்தக் கேள்வியில் தேறிய பறவைக்கும் நேரே கதவைத் திறந்துவிடக் கூடாது. பழைய துறைமுகங்களில் கப்பலை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்துவார்கள். பிரெஞ்சில் 'காரான்தேன்' என்றால் நாற்பது என்றுதான் பொருள். குருவிக்கும் ஒரு மாதமாவது தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு அந்தச் சிறு கூண்டைப் பெரிய கூண்டுக்குள்ளேயே ஒரு வாரம் வைத்தால் ஒன்றையொன்று பார்த்துப் பழகும். திறந்துவிடுவது காலையில்தான், இருட்டுவதற்குள் தீனியும் தண்ணீரும் தங்குமிடமும் எங்கே என்று கண்டுகொள்ள வேண்டும். தினை, சாமை, கம்பு மூன்று இடங்களில் இருந்தால் சண்டை குறையும். பெரிய அலகுக்காரரைச் சின்னக் குருவிகளோடு விடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகைச் சாரலுக்கு ஒரு பக்கம் மறைப்பு அவசியம்.

இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் கம்பெனிக் கப்பலில் குருவிகள் போய்க்கொண்டிருந்த காலத்தில், படிப்பில்லாத குடியானவர்கள் பறவையை அதன் ஏரியிலேயே காப்பாற்றினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சிவப்புச் சில்லையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்காலத்தில், கோரை வெட்டப்படாத ஏரிக்கரை ஒன்றுக்கு விடியற்காலையில் போய் நில்லுங்கள். கூண்டில் அடைத்தால் சில வருடங்களில் அதன் நிறம் கறுத்துவிடும். முழுச் சிவப்பு அங்கே, கோரை நுனியில்தான் இருக்கிறது. அந்தக் கோரை மிஞ்சியிருக்கும்வரை.