வைரஸ் தழும்பும் காண்டாக்ட் லென்சும்: ஒரு மருத்துவ வரலாறு

ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ் கருவிழியைத் தாக்கி ஆறிய பிறகு, நோய் அடங்கினாலும் பார்வை பல சமயங்களில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தழும்பின் வெண்மை ஒளியை மறைப்பது ஒரு காரணம். தழும்பும் அதைச் சுற்றிய பகுதியும் மேடுபள்ளமாகிவிடுவது இன்னொரு காரணம். பலருக்குப் பார்வையை அதிகம் கெடுப்பது இதுவே. சீரான வளைவுக் குறையை மூக்குக்கண்ணாடி திருத்தும். புள்ளிக்குப் புள்ளி மாறும் பரப்பின் முன் அது பயன்படாது.

இந்தக் குறைக்கான தீர்வு எளிய ஒளியியலில் இருக்கிறது. கருவிழியின் ஒளிவிலகல் எண் 1.376, காற்றின் எண் 1. இவ்விரண்டும் சந்திக்கும் பரப்பில் சிறு கோணலும் ஒளியைச் சிதறடிக்கும். கடினமான லென்ஸ் ஒன்றை முன்னால் வைத்து, இடைவெளியைக் கண்ணீர் நிரப்பினால் நிலைமை மாறுகிறது. கண்ணீரின் எண் 1.336 என்பதால் 0.376 ஆக இருந்த வேறுபாடு 0.04 ஆகச் சுருங்கும். முன்பரப்பின் கோணல் விளைவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எஞ்சும். தழும்பு அங்கேயே இருக்கும். ஆனால் ஒளி முதலில் முறிவது லென்ஸின் வழவழப்பான முகத்தில்.

இந்த எண்ணத்தை 1820களின் இறுதியிலேயே ஜான் ஹெர்ஷெல் எழுதிவைத்தார். சீரற்ற கருவிழியின் மேல், கண்ணாடி உறைக்குள் தெளிந்த கூழை வைத்துப் பொருத்தலாம் என்பது அவர் யோசனை. செயலாக்கம் 1888இல் வந்தது. சூரிச்சில் அடால்ஃப் ஃபிக் முயல்களிலும் பின்னர் மனிதக் கண்களிலும் கண்ணாடி ஓடுகளைப் பொருத்திப் பார்த்தார். இடைவெளியைச் சர்க்கரைக் கரைசலால் நிரப்பினார். அந்த ஓடுகளைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. 1930களில் பிளாஸ்டிக் வந்தது. 1948இல் அமெரிக்காவின் கெவின் டூயி கருவிழியின் மேல் மட்டும் அமரும் சிறிய லென்ஸை உருவாக்கினார். எடை குறைந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் ஆக்சிஜனைக் கடத்தவில்லை. மூச்சுத் திணறும் கருவிழிக்குள் புது இரத்தக் குழாய்கள் வளரும். தழும்புள்ள கண்ணுக்கு இது இரட்டைக் கேடு. பிற்காலத்தில் கருவிழி மாற்றம் தேவைப்பட்டால், மாற்றிய திசுவை உடல் நிராகரிக்கும் வாய்ப்பையும் அக்குழாய்கள் கூட்டுகின்றன.

1961இல் பிராகில் ஓட்டோ விக்டர்லே வார்த்தெடுத்த மென்மையான லென்ஸ் உலகெங்கும் பரவியது. தழும்புக் கண்ணுக்கு அது பார்வை தரவில்லை: மேடுபள்ளத்தின் மேல் அப்படியே படிந்து, அதே வடிவத்தைத் தானும் எடுத்துக்கொண்டது. ஆறாத புண்ணைப் பாதுகாக்கும் கட்டாகவே அது இங்கே பயன்பட்டது. உண்மையான முன்னேற்றம், 1970களின் இறுதியில் வந்த ஆக்சிஜன் கடத்தும் கடின லென்ஸ்தான். 1983இல் ஆஸ்திரேலியாவின் டான் எசக்கியேல் அதே வகைப் பொருளில் ஸ்கிலீரல் லென்ஸ் செய்து காட்டினார். அது வெள்விழியில் தாங்கி நின்று, தழும்பைத் தொடாமல் அதன் மேல் வளைந்து நிற்கும்.

லென்ஸ் மட்டும் போதாது. வைரஸ் மீண்டும் எழுந்தால் எல்லாம் வீண். நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கும் ஹெர்பீஸ், ஆண்டுகள் கழித்தும் கருவிழிக்குத் திரும்பும். 1962இல் ஹெர்பர்ட் காஃப்மன் ஐடாக்சூரிடின் சொட்டு மருந்தால் அதை அடக்க முடியும் என்று காட்டினார். பின்னர் அசைக்ளோவிர் வந்தது. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு இருவேளை 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் ஓராண்டு உட்கொண்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கே நோய் திரும்பியது. மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களில் அது 32 விழுக்காடு. தழும்புக் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துவதைத் துணிவுடன் யோசிக்க இடம் கொடுத்தது இந்த முன்னேற்றமே.

எல்லா வைரஸ் தொற்றுக்கும் இவ்வளவு தேவையில்லை. சென்னையில் 1918இல் பரவியதால் மெட்ராஸ் ஐ என்று பெயர் பெற்ற நோயை உண்டாக்கும் அடினோவைரஸ்கள், சிலரது கருவிழியில் புள்ளிகளை விட்டுச்செல்லும். அவை பெரும்பாலும் மாதங்களில் மறையும். கண்ணாடி மாற்றும் அவசரமே வேண்டாம்.

ஹெர்பீஸ் தாக்கிய கருவிழியில் உணர்ச்சி குறைந்திருக்கும். லென்ஸ் உரசிப் புண்ணானாலும் வலி எச்சரிக்காது. எனவே கண் பல மாதங்கள் அமைதியாக இருந்த பிறகே லென்ஸ் பொருத்த வேண்டும். தடுப்பு மருந்து தொடர்வதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சிவப்போ மங்கலோ தெரிந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும். நடுவில் அடர்ந்த தழும்புக்கு லென்ஸ் உதவாது. அங்கே கருவிழி மாற்று அறுவையே வழி. மற்றவர்களுக்கு, அறுவைக்கு முன் கடின லென்ஸைச் சோதித்துப் பார்ப்பதே முறை.