ஒரு திருகாணியின் சரித்திரம்

"மாமா, இது செத்த சாமான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்லி, அடுத்த வீட்டுப் பையன் ஒரு சின்னஞ்சிறு மின்பலகையை என் மேஜைமேல் வைத்தான். பன்னிரண்டு வோல்ட்டு மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, நமக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் பலகை அது. ஓரத்தில் ஒரு நீலப் பெட்டி. அதன் தலையில் கடுகளவு பித்தளைத் திருகாணி. அதைப் பத்துச் சுற்றுச் சுற்றியும் மீட்டர் அசையவே இல்லையாம். நான் பேசாமல் திருப்புளியை வாங்கி அதே பக்கமாக மேலும் பத்துச் சுற்றுச் சுற்றினேன். மீட்டர் மளமளவென்று இறங்கிற்று. பையன் விழித்தான்.

அந்தத் திருகாணியின் பூர்வோத்தரம் தெரிந்திருந்தால் அவன் கடைக்காரனைத் திட்டியிருக்க மாட்டான்.

1841-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பொக்கென்டார்ஃப், கம்பியின்மேல் ஒரு தொடுமுனையை நகர்த்தி மின்னழுத்தத்தை அளக்கும் முறையைக் கண்டார். 1843-ல் இங்கிலாந்தில் வீட்ஸ்டன் தம்முடைய ரியோஸ்டாட்டை வெளியிட்டார். பழைய ரேடியோக்களில் ஒலியைக் கூட்டிக் குறைத்த குமிழ் இவற்றின் பேரப்பிள்ளைதான். முக்கால் சுற்றில் அதன் ஆட்டம் முடிந்துவிடும். விரல் பட்டாலே நகரும். பாட்டுக் கேட்பதற்கு அது சௌகரியம். குலுங்குகிற விமானத்துக்குள் இருக்கும் அளவுக் கருவிக்குச் சரிப்படுமா?

1947-ல் கலிபோர்னியாவில் ஆல்டடீனா என்ற ஊரில், மார்லன் போர்ன்ஸ், ரோஸ்மேரி போர்ன்ஸ் என்ற தம்பதிகள் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு தொழிலைத் தொடங்கினார்கள். விமானங்களுக்கான நுட்பக் கருவிகள்தாம் ஆரம்பம். 1952-ல் அவர்கள் கொண்டுவந்த 'டிரிம்பாட்'தான் நம் நீலப் பெட்டியின் மூதாதை. உள்ளே நீண்ட திருகாணி. ஒரு சுற்றுக்குத் தொடுமுனை இம்மியளவே நகரும். இன்று இந்த வகையில் பலவற்றுக்கு 25 சுற்று. கருவியைச் செய்பவன் ஒருமுறை சரிசெய்துவிட்டால், அப்புறம் யாரும் தொடக்கூடாது என்பதே ஏற்பாடு. கோடிக்குப் போனாலும் முட்டி நிற்காமல் வழுக்கிச் சுற்றும். எங்கே நிற்கிறோம் என்பது கைக்குத் தெரியாது. தொடுவதற்குச் சிரமமாயிருப்பது குறையல்ல. அதற்காகவே பிறந்த சாமான்!

பையனின் பலகையில் இருப்பது எல்.எம். 2596 என்ற சில்லு. வெளியே போகும் அழுத்தத்தில் ஒரு பங்கை எடுத்துப் பார்த்து, அது 1.23 வோல்ட்டாகவே இருக்கும்படி காவல் காப்பது அதன் வேலை. பங்கு பிரிப்பவை இரண்டு மின்தடைகள். தரைப் பக்கம் 330 ஓம். வெளிவாசல் பக்கம் 10,000 ஓம் உள்ள நம் திருகாணிப் பெட்டி. கணக்குப்படி 38 வோல்ட்டு வரை கேட்கலாம். பன்னிரண்டை உள்ளே விட்டால் முப்பத்தெட்டு எங்கிருந்து வரும்? ஆகவே முதல் பதினெட்டுச் சுற்றும் வெறும் சுற்று.

"இதைக் கழற்றிவிட்டு ரேடியோக் குமிழைப் போட்டால் என்ன, மாமா?"

எனக்கும் ஒரு காலத்தில் தோன்றிய யோசனைதான். அதற்கு ஒரு ரேடியோவைப் பலி கொடுத்திருக்கிறேன். குமிழுக்கு ஓடிய கம்பி பற்று விட்டுப் போயிற்று. உடனே சில்லுக்குச் சேதி நின்றது. வெளியே அழுத்தமே இல்லை என்று நினைத்து மடையை முழுக்கத் திறந்துவிட்டது. ஐந்து வோல்ட்டுச் சாமானுக்குள் பதினொன்று பாய்ந்தால் என்ன மிஞ்சும்? புகைதான்.

குமிழை வெளிவாசல் பக்கம் வைத்தது என் பிசகு. இந்தத் தடவை திருகாணிப் பெட்டியின் இடத்தில் 1,500 ஓம் மின்தடையை நிலையாகப் பற்றவைத்தோம். தரைப் பக்கத்து 330 ஓமுடன் 1,000 ஓம் குமிழை வரிசையாகச் சேர்த்தோம். இப்போது 2.6 வோல்ட்டிலிருந்து 6.8 வரை கிடைக்கிறது. குமிழின் வீச்சில் எதுவும் வீணில்லை. கம்பி அறுந்தாலும் அழுத்தம் எகிறாது, 1.23-க்கு விழுந்துவிடும். பையன் என் பேச்சை நம்பாமல் கம்பியைப் பிடுங்கியே பார்த்தான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குமிழைச் சரியாக ஐந்தில் நிறுத்தி, நகராதபடி அரக்கு உருக்கி ஊற்றி வைத்திருந்தான்.