இடம் மாறிய செல்லும் தூத்துக்குடி முத்தும்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் அந்நாளில் குளித்தவர், கயிற்றில் கட்டிய கல்லில் கால் பதித்து ஒரே மூச்சில் அடியில் இறங்குவார். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் மேலே தூக்கிவிடுவார். கரையில் அவற்றைக் குவித்து அழுகவிட்டுக் கழுவுவார்கள். குடலைப் பிரட்டும் அந்த நாற்றத்துக்கு நடுவே எத்தனை சிப்பியைத் துழாவினாலும் தேறும் முத்து கொஞ்சம்தான்.

ஒரு சிப்பியில் முத்து இருக்கிறது, அடுத்ததில் இல்லை. ஏன்? சிப்பி வாய்க்குள் விழுந்த மழைத்துளிதான் முத்தாகிறது என்று நம்பியவர்கள் உண்டு. 1902இல் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மனும் ஹார்னலும் நாடாப்புழுவின் இளம்பருவத்தைக் காரணம் காட்டினார்கள். ஆனால் முத்தைச் செய்வது புழு அல்ல, சிப்பியின் சொந்தச் செல்கள்.

ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மேன்டில் என்ற மெல்லிய திசு படர்ந்திருக்கிறது. அதன் வெளிப்புறச் செல்களின் வேலை, ஓட்டுக்குப் பளபளப்பான உள்பூச்சு போடுவது. அவை இடம் பெயர்ந்து உடலுக்குள் போனாலும் அந்த வேலையை மறப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் மிசேயும் நிஷிகாவாவும் இதைத்தான் முத்து வளர்க்கும் நுட்பமாக்கினார்கள்.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழு 1973இல் இந்த வித்தையைக் கைவசப்படுத்தியது. மென்தால் கலந்த கடல்நீரில் சிப்பி மயங்கி வாய் திறக்கும். அடிப்பாதத்தருகே சின்னதாகக் கீறி, ஓட்டில் கடைந்த மணியொன்றை உள்ளே வைப்பார்கள். வேறொரு சிப்பியிலிருந்து வெட்டிய இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேன்டில் துண்டை, அதன் வெளிப்புறம் மணியைத் தொடும்படி ஒட்டவைப்பார்கள். திருப்பி வைத்தால் காரியம் கெட்டுவிடும். ஒட்டிய துண்டின் செல்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பை போல வளர்ந்து மூடுகின்றன. பிறகு அடுக்கடுக்காகச் சுண்ணாம்புத் தகடுகள். அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால்தான் முத்துக்கு அந்த மினுமினுப்பு.

ஆனால் குளிப்பவர்களுக்கு இது காலம் கடந்து வந்தது. கடைசி முத்துக்குளிப்பு 1961இலேயே முடிந்துவிட்டது. பார்களில் சிப்பி அருகிப்போனது. மூச்சடக்கும் திறமையைச் சங்கெடுக்கக் கொண்டுபோனவர்கள் பலர். ஆராய்ச்சியோ தொடர்ந்தது: 1981இல் நிலையத்தின் தொட்டிகளில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்தார்கள். பின்னாளில் அதே ஊரில் மேன்டில் துண்டைச் சிப்பிக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்திலேயே வளர்த்தார்கள். துண்டின் ஓரத்திலிருந்து செல்கள் ஒவ்வொன்றாக வெளியே ஊர்ந்து பரவின.