வேலூரில் ஒரு பெருங்குடல் ஆராய்ச்சி

நாங்கள் படித்த காலத்தில் பெருங்குடலுக்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் புத்தகத்திலும் அப்படித்தான். ஜீரணம் சிறுகுடலோடு முடிந்தது, மிச்சம் கழிவு, அது தங்கும் இடம் பெருங்குடல். அந்தக் கழிவுக் கிடங்கை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா. வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் பணியாற்றி, பிறகு சென்னை வடபழனி சிம்ஸ் மருத்துவமனைக்குப் போனவர்.

வேலூருக்குக் குடல் ஆராய்ச்சி புதிதல்ல. 1960-களில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் 'ஸ்புரூ' என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. வயிற்றுப்போக்கு நிற்காது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவர் ராமகிருஷ்ணா.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ரோடிகர் என்றொரு மருத்துவர் ஒரு வித்தியாசமான கருத்தைச் சொல்லிவந்தார். பெருங்குடலின் உள்சுவரில் உள்ள செல்களுக்கு முக்கிய உணவு ரத்தத்திலிருந்து வருவதல்ல. ஜீரணமாகாமல் இறங்கும் மாவையும் நாரையும் குடல் கிருமிகள் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான். பெருங்குடல் புண்நோயில் அந்தச் செல்கள் இந்த உணவைப் பயன்படுத்த முடியாமல் பட்டினி கிடக்கின்றன என்று 1980-இல் எழுதினார். ராமகிருஷ்ணா அவரோடு சேர்ந்து, அந்த நோயாளிகளின் குடல்சுவர் எங்கே பலவீனப்படுகிறது என்று ஆராய்ந்த கட்டுரை 1991-இல் வெளிவந்தது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஊர் திரும்பியவர் இதே அறிவைக் காலராவில் போட்டுப் பார்த்தார். ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல் உயிரைக் காப்பாற்றும், ஆனால் போக்கை நிறுத்தாது. அது வேலை செய்வது சிறுகுடலில். பெருங்குடலையும் தண்ணீர் உறிஞ்ச வைத்தால் என்ன? சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகை மக்காச்சோள மாவை, லிட்டருக்கு 50 கிராம், கரைசலில் கலந்தார்கள். 48 காலரா நோயாளிகள், மூன்று பிரிவு. வெறும் கரைசல் குடித்தவர்களுக்குச் சராசரியாக 90.9 மணி நேரம் போக்கு நீடித்தது. அரிசி மாவு சேர்த்தவர்களுக்கு 70.8, இந்த மாவு சேர்த்தவர்களுக்கு 56.7. கட்டுரை 2000-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. மருத்துவ உலகில் அதைவிடப் பெரிய மேடை அதிகம் இல்லை.

சமைத்து ஆறிய சோற்றிலும் இப்படி ஜீரணமாகாத மாவு கொஞ்சம் கூடும். உடனே 'பழைய சோறே மருந்து' என்று யாரும் வாட்ஸ்அப்பில் போடவேண்டாம்.

அடுத்து கிரோன் நோய். குடலில் வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் இன்னொரு நீண்டகால நோய் இது. 1932-இல் நியூயார்க்கில் கிரோனும் அவர் கூட்டாளிகளும் விவரித்தது. நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு: குடல் டி.பி.யும் பார்ப்பதற்கு அச்சு அசல் இதேபோல இருக்கும். டி.பி. என்று நினைத்துக் கிரோனுக்கு மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தால் காலம் வீண். கிரோன் என்று நினைத்து டி.பி.க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மஞ்சக்குட்டையில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பையனுக்கு முதலில் மூலம் என்றார்கள், பிறகு டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை. பாதி எடை போய்விட்டது. சேலத்தில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போன பிறகுதான் சதைப் பரிசோதனையில் கிரோன் என்று தெரிந்தது.

அந்தச் சதைத் துணுக்கில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை வேலூர் குழுவே 1999-இல் எழுதியிருக்கிறது. புலிமூட் முதல் ஆசிரியர், ராமகிருஷ்ணாவும் அதில் ஒருவர். டி.பி.யில் நுண்கட்டிகள் பெரிதாக, நிறைய, ஒன்றோடொன்று சேர்ந்து இருக்கும். கிரோனில் சிறியவை, அங்கொன்று இங்கொன்று. பெரிய இயந்திரம் வேண்டாம்; மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் போதும். என்னைக் கேட்டால், காலரா கட்டுரையைவிட இதனால் கரையேறிய குடும்பங்கள்தான் நம் பக்கத்தில் அதிகம் இருக்கும்.

இவையெல்லாம் வெள்ளைக்காரர் நோய்கள் என்ற நினைப்பு இங்கே மருத்துவர்களுக்கே இருந்தது. இந்திய இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் குழு நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் சேகரித்து 2012-இல் வெளியிட்டது. பெருங்குடல் புண்நோயே அதில் அதிகம். அதே ஆண்டு, அந்த நோய்க்கு இந்தியாவில் எப்படி வைத்தியம் செய்வது என்ற வழிகாட்டியும் வந்தது. அதன் முதல் ஆசிரியர் ராமகிருஷ்ணா.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் மட்டும் அவர் மாவு இன்னும் ஏறவில்லை. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் அதன் கலவையை மாற்றியபோது உப்பையும் சர்க்கரையையும் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டது.